விஎல்டி தொலைநோக்கியின் மூலப் படத்தைச் சுத்தம் செய்வது எப்படி?

சிலியில், அட்டகாமா பாலைவனத்தின் பரனால் மலை உச்சியில் 2,635 மீட்டர் உயரத்தில் விஎல்டி (Very Large Telescope, மிகப் பெரிய தொலைநோக்கி) இருக்கிறது. 8.2 மீட்டர் ஆடி கொண்ட நான்கு தொலைநோக்கிகள். நேரம் கேட்டு வாங்கிய ஆய்வாளருக்கு வழக்கமாக ஓராண்டு தனியுரிமை, அது முடிந்ததும் மூலப் படங்களை (கருவி தந்தபடியே, திருத்தாமல் இருப்பவை) ஈஎஸ்ஓ (ஐரோப்பியத் தெற்கு வானாய்வகம்) காப்பகத்திலிருந்து யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

படி 1: விஎல்டியின் படமெடுக்கும் கருவிகளில் ஒன்றான ஃபோர்ஸ்2-இன் படங்களில் தொடங்குங்கள். ஒரு விண்மீன் திரளை (கேலக்ஸி) தேர்ந்தெடுத்து, அதன் அறிவியல் படங்களோடு (அதையே நோக்கி எடுத்தவை) பயாஸ் (ஒளி படாமல், நேரமே கொடுக்காமல் எடுத்த, கருவியின் அடிப்படை அளவைக் காட்டும் படம்), ஃபிளாட் (சீரான ஒளியை எடுத்த, ஓர இருட்டையும் தூசி நிழலையும் காட்டும் படம்) இரண்டையும் இறக்குங்கள். சிசிடியை (ஒளியைப் பதிவு செய்யும் சில்லு) நன்றாகக் குளிர வைத்திருப்பதால் டார்க் (ஒளி படாமல் நீண்ட நேரம் எடுக்கும் படம்) தேவைப்படாது.

படி 2: கோப்புகளைப் பிரிப்பது. பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஃபோர்ஸ்2-இல் இரண்டு சிசிடி உண்டு, ஒரு முறை படமெடுத்தால் இரண்டு கோப்பு வரும். ஹெடரில் (கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் விவரக் குறிப்பு) சிப்1, சிப்2 என்று போட்டிருக்கும், பார்த்து இரண்டு ஃபோல்டராகப் பிரித்துவிடுங்கள். சிப்1 படத்துக்கு சிப்2 ஃபிளாட்டைப் போட்டால் மென்பொருள் ஒன்றுமே சொல்லாமல் வேலையை முடித்துக் கொடுக்கும், படம் மட்டும் திட்டுத்திட்டாக இருக்கும். வடிகட்டி, பின்னிங் (பக்கத்துப் பிக்சல்களைச் சேர்த்துப் படிப்பது), ரீட்அவுட் முறையும் (சில்லிலிருந்து தரவைப் படிக்கும் விதம்) ஒத்துப்போக வேண்டும்.

படி 3: முதலில் பயாஸைக் கழியுங்கள், அப்புறம் ஃபிளாட்டால் வகுங்கள். அறிவியல் படம், ஃபிளாட் இரண்டிலிருந்தும் பயாஸ் போக வேண்டும். எங்கே விட்டுப்போனது என்பதைப் படமே காட்டிக்கொடுத்துவிடும்: ஓரங்கள் இன்னும் இருட்டாக இருந்தால் ஃபிளாட்டில் பயாஸ் மிச்சமிருக்கிறது, ஓரங்கள் நடுவைவிடப் பளிச்சென்று இருந்தால் அறிவியல் படத்தில் மிச்சமிருக்கிறது.

இதற்கெல்லாம் எனக்கு சிரில் என்ற இலவச வானியல் பட மென்பொருள் போதும். பைத்தான் நிரல்மொழியில்தான் செய்ய வேண்டும் என்று சொல்பவர்கள் சொல்லட்டும், நூற்றுக்கணக்கில் படம் இருந்தால் ஒழிய அது தேவையில்லாத சுமை. ஆனால் ஹெடர் பார்க்கவும், கோப்பைத் திறந்து ஒரு நோட்டம் விடவும் டிஎஸ்9 என்ற படம் பார்க்கும் மென்பொருள்தான்.

படி 4: சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஆர், வி, பி வடிகட்டிப் படங்களை வைத்து, சிரிலிலேயே நேர்ப்படுத்திச் சேருங்கள். இது சுலபம்.

பின்சேர்க்கை: "அதே தேதியில் தேடினேன், ஃபிளாட்டே இல்லை" என்று சிலர் கேட்டிருந்தார்கள். வானத்தைப் பார்த்து எடுக்கும் ஃபிளாட் அந்தி நேரத்தில் எடுக்கப்படுவது. காப்பகத் தேதி உலகப் பொது நேரப்படி போகும், சிலி அதற்கு மூன்று நான்கு மணி நேரம் பின்னால். ஆக, மாலை ஃபிளாட் ஒரு தேதியிலும், அதே இரவில் எடுத்த படம் அடுத்த தேதியிலும் பதிவாகலாம். ஒரு நாள் முன்னும் பின்னும் சேர்த்துத் தேடுங்கள், கிடைக்கும்.