ஸ்கல் படகில் வாத்து வேட்டை: துடுப்பைப் பழகுவதிலிருந்து சுடுவது வரை

ஸ்கல் படகில் வேட்டைக்காரர் மல்லாந்து படுத்துக்கொள்வார். தலை பின்பலகைப் (படகின் பின்முனையை அடைக்கும் பலகை) பக்கம், கால் முகப்புப் பக்கம். பின்பலகையில் ஒரு துளை. அதன் வழியே ஒற்றைத் துடுப்பு நீருக்குள் இறங்கும். கைப்பிடியை இடவலமாக அசைத்தால் படகு சத்தமில்லாமல் முன்னே போகும். நீருக்கு மேலே எதுவும் அசையாததால்தான் விழிப்பாக இருக்கும் வாத்துக் கூட்டத்தைக்கூட 30 கெஜம் வரை நெருங்க முடிகிறது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து மெர்ரிமீட்டிங் பே, கலிபோர்னியாவின் ஹம்போல்ட் பே இரண்டும் இதற்குப் பேர்போன இடங்கள் (பே என்றால் விரிகுடா). இங்கே சொல்வது பெரும்பாலும் மெர்ரிமீட்டிங் பேயை மனதில் வைத்து.

முதலில் சட்டம். 16 வயது ஆனவர்களுக்கு மாநில உரிமத்தோடு ஃபெடரல் டக் ஸ்டாம்பும் (நீர்ப்பறவை வேட்டைக்கான மத்திய அரசு முத்திரை) வேண்டும். ஈயக் குண்டு கூடாது. 1991 முதல் நாடு முழுவதும் வாத்துக்கு நச்சில்லாத குண்டு மட்டுமே. துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்பு இருக்க வேண்டும். மோட்டாரில் வந்தால் அதை முழுக்க அணைத்து, அது கொடுத்த வேகம் அடங்கிய பிறகே சுடலாம். மாநில விதிகளை அந்தந்த ஆண்டுக் கையேட்டில் பாருங்கள். இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: அங்கே காட்டு வாத்தைச் சுடுவது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

படி 1: துடுப்பைத் தயார் செய்யுங்கள்

படகைவிடத் துடுப்புக்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். நேரான துடுப்பை வாங்காதீர்கள். வளைவு உள்ள ஸ்கல் துடுப்பாக இருந்தால்தான் கைப்பிடி உங்கள் உடம்பை ஒட்டித் தாழ்வாக இருக்கும்போதே அலகு (நீருக்குள் இருக்கும் துடுப்பின் தட்டை முனை) போதிய ஆழத்துக்கு இறங்கும். மரத்தில் ஆஷ் நல்லது; வளையும், உடையாது. ஃபைபர் துடுப்பு லேசுதான், ஆனால் துளையில் தட்டும்போது வரும் ஓசை கூர்மையானது.

துளையைத் தொடும் பகுதியில் தோல் சுற்றி, கொழுப்போ கிரீஸோ தடவுங்கள். அதற்கு வெளியே பழைய டியூப் ரப்பரில் ஓர் உறை செய்து, ஒரு முனையைத் துளை விளிம்பிலும் மறு முனையைத் துடுப்பிலும் கட்டுங்கள். தண்ணீர் உள்ளே வராது, தட்டும் ஓசையும் அமுங்கும். உறை தளர்வாக இருக்கட்டும். இறுக்கினால் மணிக்கட்டைத் திருப்ப முடியாது.

இன்னொன்று. அலகு எந்தத் தளத்தில் படுத்திருக்கிறதோ அதே தளத்தில் கைப்பிடியில் ஒரு பக்கத்தைத் தட்டையாகச் சீவுங்கள், அல்லது கயிறு ஒட்டுங்கள். நீருக்குள் இருக்கும் அலகின் சாய்வு கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரிய வேண்டும்.

படி 2: மணிக்கட்டு

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அதனால் நிதானமாகப் படியுங்கள்.

விதி ஒன்றே ஒன்று: அலகு எந்தப் பக்கம் நகர்கிறதோ, அந்தப் பக்கத்து விளிம்பு தாழ்ந்திருக்க வேண்டும். வலப்பக்கம் போகும்போது வல விளிம்பு கீழே. திரும்பி இடப்பக்கம் வரும்போது இட விளிம்பு கீழே. வீச்சின் முனையில் மணிக்கட்டைத் திருப்புவதே இந்த மாற்றம். அலகு நீருக்குள் எட்டு என்ற எண்ணைப் படுக்கவைத்த மாதிரி ஒரு வடிவம் போடும்.

சரியாகச் செய்கிறீர்களா என்று கையே சொல்லிவிடும். சாய்வு சரியாக இருந்தால் அலகு ஆழத்துக்கு இறங்கப் பார்க்கும், அதனால் கைப்பிடி மேலே எழும்பப் பார்க்கும். அதை லேசாக அமுக்கிப் பிடித்தால் போதும். கைப்பிடி மார்பை நோக்கித் தாழ்ந்து அலகு நீர்ப்பரப்புக்கு ஏறினால் விளிம்பு தலைகீழாக இருக்கிறது. அப்போது படகு நிற்கும், அல்லது பின்னால் போகும். வேகமாக ஆட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்து ஆட்டினால் சலசலப்புதான் மிஞ்சும்.

பழகும் வரிசை: படகைப் படகுத்துறையில் கயிற்றால் கட்டுங்கள். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, அலகைக் கண்ணால் பார்த்தபடி ஆட்டுங்கள். கயிறு முன்பக்கமாக இழுபட்டு விறைப்பாகவே இருந்தால் சாய்வு பிடிபட்டுவிட்டது. பிறகு முன்பக்கம் திரும்பி உட்கார்ந்து, கடைசியாகப் படுத்து.

திருப்புவதற்குத் தனி வித்தை இல்லை. அலகை வலப்பக்கம் வலுவாகத் தள்ளினால் முகப்பு வலப்பக்கம் திரும்பும். கைப்பிடி அலகுக்கு எதிர்த்திசையில் போகிறது என்பதை மறக்கவேண்டாம்: கைப்பிடி இடப்பக்கம் போனால் அலகு வலப்பக்கம்.

எந்தக் கை? இதில் வேட்டைக்காரர்கள் இரண்டு கட்சி. விசை அழுத்தும் கையைத் துப்பாக்கிக்கு விட்டுவிட்டு மறு கையால் தள்ளுபவர்கள் ஒரு கட்சி. கடைசி நொடியில் கை மாற்றும் அசைவு இவர்களுக்கு இல்லை. தூரம் அதிகம், பலமான கையே வேண்டும் என்பவர்கள் மறு கட்சி. புதியவர்களுக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன். இரண்டு கையும் சமமாகத் தடுமாறும் காலத்திலேயே சரியான கையைப் பழக்கிவிடலாம். பின்பலகைத் துளை எந்தப் பக்கம் என்பது இந்த முடிவைப் பொறுத்தது, எனவே படகு வாங்கும் முன்பே முடிவெடுங்கள்.

படி 3: எடையும் மறைப்பும்

ஆள் பின்பக்கம் படுப்பதால் முகப்பு தூக்கிக்கொள்ளும். தூக்கிய முகப்பு தூரத்திலிருந்தே தெரியும். சிற்றலை அதன் அடியில் தட்டி ஓசையும் எழுப்பும். மணல் பைகளை முன்னே வைத்து, நீங்கள் படுத்த நிலையில் படகு மட்டமாக இருக்கிறதா என்று கரையில் நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பைகள் நகராதபடி கட்டிவிடுங்கள்.

மெர்ரிமீட்டிங் பேயில் காட்டரிசிப் புல் மண்டிக் கிடக்கும். இலையுதிர் காலத்தில் அதே புல்லை முகப்பில் செருகினால் போதும். பனிக்கட்டி மிதக்கத் தொடங்கியதும் புல் காட்டிக்கொடுத்துவிடும்; வெள்ளைத் துணிக்கு மாறி, மேல்தட்டில் நிஜப் பனிக்கட்டியையும் ஏற்றுங்கள். முகத்துக்கு வலை கட்டாயம். தலையணை உயரமாக வேண்டாம். முகப்பு விளிம்புக்கு மேலே கண் மட்டும் தெரிந்தால் சரி.

படி 4: நெருங்குவது

தொலைநோக்கியில் கூட்டத்தைப் பார்த்தவுடன் கிளம்பாதீர்கள். காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று பாருங்கள். வாத்து காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். நீங்கள் காற்று வரும் பக்கத்திலிருந்து இறங்கி வந்தால், எழும்பும் பறவை முதலில் உங்களை நோக்கித்தான் வர வேண்டும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டும் சேர்ந்து அமையாத நாளில் காற்றுக்கே முதலிடம் கொடுப்பேன்.

முகப்பு கூட்டத்தை நேராகப் பார்த்தபடியே இருக்கட்டும். பக்கவாட்டு தெரிந்தால் காரியம் கெட்டது. தலைகள் நிமிர்ந்து கூட்டம் நெருங்கிக் குவிந்தால் துடுப்பை நிறுத்தி மிதந்து வாருங்கள். மேயத் தொடங்கியதும் மறுபடி. கோல்டன்ஐ போல முக்குளிக்கும் வாத்துகளிடம் கணக்கு வேறு: அவை மூழ்கியிருக்கும் நேரத்தில் வேகமாகத் தள்ளி, மேலே வரும்போது அசையாமல் இருங்கள். கறுப்பு வாத்தும் மல்லார்டும் நீரிலிருந்து செங்குத்தாகக் கிளம்பும், நேரம் தராது. முக்குளிப்பவை நீர்மேல் ஓடித்தான் எழும்பும்.

படி 5: சுடுவது

துப்பாக்கிக் குழல் முகப்பைப் பார்த்தபடி, உங்கள் பக்கத்தில். உட்கார்ந்து, முன்பக்கம் மட்டும் சுடுங்கள். பக்கவாட்டில் சுட்டால் உதைப்பு படகைச் சாய்க்கும். இரட்டைக் குழலை விரும்புகிறவர்கள், திறந்து வைத்தால் காலி என்று பார்த்தவுடன் தெரிகிறதே என்பார்கள். தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ஆட்டோ துப்பாக்கியில் உதைப்பு குறைவு. என் தேர்வு 12 கேஜ் (குழல் அளவு) பம்ப், அதாவது முன்பிடியைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி. உப்பும் சேறும் பட்டாலும் வேலை செய்யும். 2-ம் நம்பர் எஃகுக் குண்டு (நம்பர் கூடக் கூடக் குண்டு சிறியது), 30 கெஜத்துக்குள். அடிபட்டு நீந்தும் பறவையை உடனே முடிக்க 6-ம் நம்பர் சில தோட்டாக்கள் தனிப் பையில். அதை முடிக்காமல் அடுத்த கூட்டத்தைத் தேடிப் போகக் கூடாது.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

*கடல் நீர் வற்றும் நேரத்தில் சேற்றில் மாட்டிக்கொண்டால்?* இரண்டு பேகளிலும் நீர் வற்றினால் பெரிய சேற்றுத்திட்டுகள் வெளிப்படும். இறங்கி நடக்காதீர்கள், சேறு இழுத்துக்கொள்ளும்; படகிலேயே நீர் ஏறும் வரை காத்திருங்கள். போகும் முன் நீர் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்து, ஆழம் குறையும் முன்பே திரும்புங்கள். ஒரு தள்ளுகோலும் படகில் இருக்கட்டும். ஆழமில்லாத இடத்தில் ஸ்கல் அலகு வேலைக்கு ஆகாது.

*காற்று கூடினால்?* இந்தப் படகின் பக்கச்சுவர் தாழ்வானது. வெள்ளை நுரை தெரியத் தொடங்கினால் கரைக்குத் திரும்புங்கள். உயிர்காப்புச் சட்டையைப் படுக்கையாக விரிக்காமல் உடம்பில் போட்டிருங்கள். நவம்பர் தண்ணீரில் விழுந்தபின் கை விறைத்துவிடும், மாட்ட முடியாது.

*உறைபனியில் ரப்பர் உறை இறுகுகிறது:* கரையேறியதும் துடுப்பை வெளியே எடுத்து, உறையை உதறிக் காயவைத்து, மறுநாள் காலை புதிதாகக் கிரீஸ் தடவுங்கள். தண்ணீரில் இருக்கும்போது துடுப்பைச் சில நிமிடத்துக்கு ஒருமுறையாவது லேசாகத் திருப்பிக்கொண்டிருந்தால் துளையில் பனி பிடிக்காது.