போதையிலிருந்து மீண்ட எம்.எம்.ஏ. வீரர் மறுபடியும் கூண்டுக்குள் இறங்க: தருமபுரி, கிருஷ்ணகிரி வீரர்களுக்கான வழிமுறை

போதைப் பழக்கத்தை விட்டுவிட்டு, எம்.எம்.ஏ. எனும் கலப்புத் தற்காப்புக் கலையின் பயிற்சிக்கூடத்துக்குத் திரும்பும் இளைஞர் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி, "மாஸ்டர், அடுத்த ஃபைட் எப்போது?" என்பதுதான். அந்தக் கேள்வியை எத்தனை மாதம் தள்ளிப்போட முடிகிறதோ அத்தனைக்கு அவர் தேறுவார் என்பது என் கணிப்பு. அமெரிக்க வீரர் கோர்ட் மெகீ 2005இல் ஹெராயின் மிகையால் இதயம் நின்று, மருத்துவர்களால் மீட்கப்பட்டவர். 2006 முதல் போதையைத் தொடாமல் இருந்து, 2010இல் எம்.எம்.ஏ. வீரர்கள் மோதும் 'தி அல்டிமேட் ஃபைட்டர்' தொலைக்காட்சித் தொடரின் பதினோராவது பருவத்தை வென்றார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் வெற்றியைச் சொல்வார்களே தவிர, இடையில் கழிந்த ஆண்டுகளைச் சொல்வதில்லை.

முதல் வேலை மருத்துவமனையில் இருக்கிறது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. அங்கே மனநல மருத்துவரைப் பார்க்கலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற தேசிய இலவச உதவி எண்ணை அழைக்கலாம். போலீஸ் வழக்குக்குப் பயந்து ஒளிந்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். போதைப்பொருளைப் பயன்படுத்தியதற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமையானவர், தாமாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குப் பெற 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழிசெய்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டால் அந்த விலக்கு பறிபோகலாம்.

மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ள வேண்டிய சோதனைகளில் இரண்டைத் தவிர்க்கவே கூடாது. கொக்கைன், மெத்தம்பெட்டமைன் போன்றவற்றைப் பயன்படுத்தியவருக்கு இதயத் தசையும் துடிப்பின் சீரும் கெட்டிருக்கக்கூடும் என்பதால், ஐந்து நிமிடச் சுற்றுகளுக்குத் தயாராவதற்கு முன் ஈ.சி.ஜி.யும் எக்கோ எனும் இதய ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டவர் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகிய மூன்றுக்கும் ரத்தம் கொடுக்க வேண்டும். எதிராளியின் ரத்தமும் நம் ரத்தமும் ஒரே தரைவிரிப்பில் கலக்கிற விளையாட்டு இது. ஹெபடைடிஸ் சி இருப்பது தெரிந்தால் இடிந்துபோக வேண்டாம். பெரும்பாலானவர்களுக்குப் பன்னிரண்டு வார மாத்திரைகளில் அது குணமாகிறது. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அந்த மாத்திரைகள் இலவசம்.

பயிற்சியைப் பொறுத்தவரை, முதல் மூன்று மாதங்களுக்குக் கையுறையைத் தொட வேண்டியதில்லை என்பதே என் முறை. விடியற்காலையில் எழுந்து கே.ஆர்.பி. அணைப் பக்கமோ மாவட்ட விளையாட்டரங்கிலோ ஓடுவது, வேலைக்குப் போவது, இரவு ஒரே நேரத்தில் படுப்பது ஆகியவை கூடி வந்தாலே போதும். தூக்கம்தான் அளவுகோல். தொடர்ந்து நான்கு இரவு தூக்கம் கெட்டால் அந்த வாரப் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு இது கடினம் என்பதை அறிவேன். அவர்கள் ஷிப்ட் மாற்றிக் கேட்பது பயிற்சிக்கூடத்தை மாற்றுவதைவிட அதிகப் பலன் தரும். சாப்பாட்டுக்குப் புதிதாக எதையும் தேட வேண்டாம்: நம் ஊர்க் களியும் கொள்ளும் முட்டையும் போதுமானவை. 'ப்ரீ வொர்க்அவுட்' என்று டப்பாவில் விற்கும் பொடிகளை மட்டும் வீட்டுக்குள் விடக்கூடாது. அவற்றின் படபடப்பு பழைய போதையை உடலுக்கு நினைவூட்டும், சிலவற்றில் சீட்டில் அச்சிடாத ஊக்கிகளும் கலந்திருக்கும்.

அதன்பின் தரைப் பிடிமானப் பயிற்சியில் தொடங்கி, தலையில் அடிபடும் ஸ்பாரிங்கை, அதாவது பயிற்சி மோதலை, கடைசியாகச் சேர்க்க வேண்டும். தலையில் வாங்கும் அடி எரிச்சலையும் மனச்சோர்வையும் கொண்டுவரக்கூடியது. எதையும் யோசிக்காமல் செய்துவிடும் அவசரத்தையும் அது கூட்டும். மீண்டு கொண்டிருப்பவருக்கு அந்த மூன்றுமே பழைய கூட்டாளியின் எண்ணைத் தேட வைப்பவை.

மருந்து விஷயத்தில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். ஹெராயின், மார்பின் போன்ற ஓபியாய்டு வகைப் பழக்கத்துக்குத் தரப்படும் பியூப்ரினார்பின், மெத்தடோன் இரண்டும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலில் போட்டிக்காலத்தில் தடைசெய்யப்பட்டவை. டிராமடால் எனும் வலி மருந்தும் 2024 ஜனவரி முதல் அப்படியே. குத்துச்சண்டை, வூஷு போன்ற அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் இறங்குபவர், சிகிச்சைப் பயன்பாட்டுக்கான விலக்கு கேட்டுப் போட்டிக்கு முப்பது நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்துக்குப் பயந்து மாத்திரையைத் தாமாக நிறுத்துவது மிக மோசமான முடிவு. தனியார் எம்.எம்.ஏ. போட்டியானால், எந்த விதியின்படி சோதிக்கிறார்கள் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அதே முகமையின் 2021 முதல் நடப்பிலுள்ள விதியில், கொக்கைன், ஹெராயின், எம்.டி.எம்.ஏ., கஞ்சாவின் டி.எச்.சி. ஆகிய நான்கும் தனி வகையாக வைக்கப்பட்டுள்ளன. போட்டிக்கு வெளியே, விளையாட்டுத் திறனுக்குத் தொடர்பில்லாமல் பயன்படுத்தியதை வீரர் நிரூபித்தால் தடை மூன்று மாதம். ஏற்கப்பட்ட சிகிச்சையை முடித்தால் அது ஒரு மாதமாகவும் குறையலாம். அமெரிக்க எம்.எம்.ஏ. வீரர் நிக் டயஸுக்குக் கஞ்சா சோதனைக்காக 2015இல் நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் ஐந்தாண்டுத் தடை விதித்து, பின்பு பதினெட்டு மாதமாகக் குறைத்ததை நினைத்தால், காலம் கொஞ்சம் இளகியிருப்பது தெரியும். ஆனாலும் 'போட்டிக்காலம்' என்பது முந்தைய நாள் இரவு 11:59க்கே தொடங்கிவிடுகிறது. நாள்தோறும் புகைத்தவரின் சிறுநீரில் கஞ்சாவின் தடயம் வாரக்கணக்கில் தங்கும்.

எடைக் குறைப்பை முதல் இரண்டு போட்டிகளுக்கு முற்றிலும் விட்டுவிடலாம். சாதாரண எடை 70 கிலோ என்றால் 70.3 கிலோ வரம்புள்ள லைட்வெயிட்டிலேயே ஆடுங்கள்; 65.8க்கு இறங்கப் பட்டினி கிடந்து, தண்ணீரை நிறுத்தி, வியர்வைச் சூட் போட்டு ஓடுவது, இதயமும் சிறுநீரகமும் ஏற்கெனவே அடி வாங்கிய உடலுக்கு ஆகாது. உடல் வற்றிய அந்த மயக்க நிலையே சிலருக்குப் பழைய போதையின் சாயலோடு இருப்பதாக அவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அடிபடுவதற்கு முன்பே அடிபட்டால் என்ன செய்வது என்பதை முடிவு செய்து வையுங்கள். ஓபியாய்டு போதை ஏறாமல் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன் மருந்தை எடுத்துக்கொள்பவருக்கு மார்பின் வகை வலி மருந்துகள் வேலை செய்யாது என்பதால், அதைச் சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொண்டு, எலும்பு முறிந்தால் சிகிச்சைக்குப் போகும் மருத்துவமனையில் மயக்க மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலுவான மாத்திரை தவிர்க்க முடியாதபோது, மாத்திரைப் பட்டையை அம்மாவோ அண்ணனோ வைத்திருந்து வேளைக்கு ஒன்றாகக் கொடுக்கட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மிக ஆபத்தான நேரம் போட்டி முடிந்த இரவு. தோற்றவரைவிட வென்றவருக்கு அது பெரிய ஆபத்து என்று எனக்குத் தோன்றுகிறது; கையில் பரிசுப் பணம், உடலெங்கும் வலி, சுற்றிலும் கொண்டாட்டம். பெங்களூரில் ஆடினால் அங்கே தங்காமல், குடியோ போதையோ பழக்கமில்லாத ஒருவரின் வண்டியில் அன்றிரவே அத்திப்பள்ளி தாண்டி ஊர் வந்து சேருங்கள். தலையில் பலத்த அடி வாங்கியிருந்தால் மட்டும் முதலில் அங்கேயே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பணம் வீட்டார் கணக்கில் விழும்படி முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு நாள் தவறிவிட்டால், அன்றே மாஸ்டரிடமும் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். பல மாதம் விட்டிருந்த உடல் பழைய தாங்குதிறனை இழந்திருக்கும். முன்பு எடுத்த அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடக்கூடும். அடிமையாயிருந்த காலத்தைத் தாண்டி வந்தவர்களில் பலர் இப்படி இறந்திருக்கிறார்கள். ஆகவே வீட்டாரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்: எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்திருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும், வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே இருக்க வேண்டும்.