எந்த எலி, எந்தக் கேள்வி?

‘விலங்குகளில் வெற்றி’ என்று படித்ததும் மருந்து வந்தேவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. ‘எலியில்தானே’ என்று உதறுபவர்களும் உண்டு. அந்த விலங்கை வைத்து எந்தக் கேள்விக்கு விடை தேடினார்கள் என்று இரண்டு தரப்பும் பார்ப்பதில்லை.

கிருமி தொற்றிவிட்டால் நோயும் அதேதான் என்று எடுத்துக்கொள்வது பெரிய சறுக்கல். ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் சி57 பிளாக் 6 வகைச் சுண்டெலியின் நுரையீரலில் காசநோய்க் கிருமி நன்றாகவே பெருகும். ஆனால் மனிதருக்கு வருகிற, நடுப்பகுதி செத்துப் பாலாடைக்கட்டி போல ஆகிவிடும் கட்டிகள் அதற்குப் பொதுவாக வருவதில்லை. மருந்து ஊடுருவத் திணறுவதே அந்தச் செத்த திசுவுக்குள்தான். அத்தகைய கட்டிகள் வரும் வேறு எலி வகையும் உண்டு. ஆகவே ‘எலியில் சோதித்தார்கள்’ என்பது பாதித் தகவல்.

போலியோவில் நடந்தது இன்னும் மோசம். அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் சைமன் ஃபிளெக்ஸ்னர் என்ற ஆய்வாளரின் குழு ரீசஸ் குரங்குகளின் நரம்புத் திசுவிலேயே வைரஸைத் திரும்பத் திரும்ப வளர்த்தது. அது நரம்புக்கே பழகிப்போனது. வைரஸ் மூக்கிலிருந்து நேரே மூளைக்குப் போகிறது என்ற நம்பிக்கையும் பல ஆண்டுகள் நிலைத்தது. அந்த வழியை அடைக்கலாம் என்று 1937-இல் கனடாவின் டொராண்டோவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் மூக்கில் துத்தநாக சல்பேட்டைத் தெளித்தார்கள். போலியோ நிற்கவில்லை, சிலருக்கு வாசனை உணர்வு போனதுதான் மிச்சம். உண்மையில் வைரஸ் வாய்வழியே நுழைந்து குடலில் பெருகுகிறது. குரங்கைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்த வைரஸை, எந்த வழியாகக் கொடுத்தோம் என்று யோசிக்காததுதான் கோளாறு.

மனித மரபணுவைப் பொருத்திவிட்டால் எலி மனிதராகிவிடும் என்ற எண்ணமும் இருக்கிறது. 2020-இல் பரவிய கொரோனா வைரஸின் தொடக்க வகை சாதாரண எலியின் ஏசிஇ2 ஏற்பியில், அதாவது வைரஸ் செல்லுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் புரதத்தில், சரியாக ஒட்டாது. அதனால் மனித ஏற்பிக்கான மரபணுவைப் பொருத்திய கே18 என்ற வகை எலிகளைப் பயன்படுத்தினார்கள். அவற்றில் வைரஸ் மூளைக்கும் பரவி உயிரைக் குடித்தது. மனிதர் இறந்ததோ பெரும்பாலும் நுரையீரல் பழுதால். சிரிய வெள்ளெலிக்கு எந்த மாற்றமும் செய்யாமலே தொற்றும், நுரையீரலும் பாதிக்கும். ஆனால் பெரும்பாலும் தேறிவிடும்.

அப்புறம், ஒரே கட்டுரையைப் பிடித்துக்கொண்டு வாதாடுவது. தீக்காயம், படுகாயம், கிருமி நச்சு ஆகியவற்றால் வரும் அழற்சியில் எலியின் மரபணுச் செயல்பாடு மனிதரோடு ஒத்துப்போவதே அரிது என்றது 2013-இல் வந்த கட்டுரை. 2015-இல் வேறொரு குழு அதே தரவை எடுத்து, நன்றாகவே ஒத்துப்போகிறது என்றது. முதல் குழு மனிதரிடம் மாறிய மரபணுக்களை வைத்து ஒப்பிட்டது. அடுத்த குழு இரு தரப்பிலும் மாறியவற்றை மட்டும் எடுத்தது. அப்படி வடிகட்டினால் ஒற்றுமை கூடித் தெரிவதில் வியப்பில்லை.