திருப்பித் தராத தாளும் சம்மதம்தான்: அமெரிக்காவில் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பவர்களுக்கு

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கமிருந்து குடும்பத்தோடு வருகிறவர்களுக்குச் சேர்க்கை பெரிய வேலையில்லை. வயதுச் சான்று, தடுப்பூசி விவரம், வாடகை ஒப்பந்தம், பழைய மதிப்பெண் பட்டியல் இருந்தால் முடிந்துவிடும். டி.சி.க்கு நகல் கொடுங்கள், அசலை விடாதீர்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு ஆளுக்கு ஆள் தரும் எண்) இல்லையென்று அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது.

சிக்கல் அடுத்த வாரம் வரும் காகிதக் கட்டில் இருக்கிறது. மாணவர் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் 1974இன் ஃபெர்பா (FERPA) சட்டப்படி மதிப்பெண், வருகை, பள்ளி நர்ஸ் எழுதிய குறிப்பு ஆகியவற்றைப் பொதுவாக உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வெளியாருக்குத் தரக்கூடாது. ஆனால் பெயர், முகவரி, போன் நம்பர், பிறந்த தேதி, பிறந்த ஊர், போட்டோ இவற்றை ‘டைரக்டரி இன்ஃபர்மேஷன்’ (வெளியே தரக்கூடிய பொது விவரம்) என்று பள்ளி அறிவித்துவிட்டால் சம்மதம் கேட்காமலே கொடுக்கலாம். வேண்டாமென்றால் பள்ளி வைத்த கெடுவுக்குள் நீங்கள்தான் எழுதித் தர வேண்டும். நம்ம ஊரில் கையெழுத்தில்லாத தாள் செல்லாது. இங்கே திருப்பித் தராத தாள் சம்மதமாகிவிடுகிறது! இந்த அறிவிப்பு பஸ் நேரத்துக்கும் மதியச் சாப்பாட்டு விண்ணப்பத்துக்கும் நடுவில் ஒரே பத்தியாக இருக்கும், தேடிப் படியுங்கள். ரிசல்ட் வந்ததும் படமும் மார்க்குமாக ஃப்ளெக்ஸ் வைத்துப் பழகிய நமக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் முகவரியும் பிறந்த தேதியும் பிறந்த ஊரும் ஒரே கையில் சேர்ந்தால் அடையாளத் திருட்டுக்கு வழி திறந்துவிடும். போன விவரம் திரும்பி வராது.

எல்லாவற்றையும் மொத்தமாக மறுத்தால் ஆண்டு மலரிலும் பரிசுப் பட்டியலிலும் பிள்ளை பெயர் விடுபடலாம். எதை மட்டும் நிறுத்த முடியும் என்று அலுவலகத்தில் கேளுங்கள். உயர்நிலைப் பள்ளியென்றால் ராணுவ ஆள்சேர்ப்பாளர்களுக்கு விவரம் தர வேண்டாம் என்பதையும் மறக்காமல் எழுதிக் கொடுங்கள்.

உங்கள் பிள்ளையின் பதிவைப் பார்க்கக் கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். தவறு இருந்தால் திருத்தவும் கேட்கலாம்.

கல்லூரியில் கதை தலைகீழ். அங்கே சேர்ந்துவிட்டால், 18 ஆகாவிட்டாலும், உரிமை மாணவருடையது. திருவாரூரிலிருந்து ஃபீஸ் கட்டும் அப்பா போன் செய்தால் மார்க் சொல்ல மாட்டார்கள். அமெரிக்க வரிக் கணக்கில் பிள்ளையைச் சார்ந்தவராகக் காட்டும் பெற்றோருக்குக் கல்லூரி விரும்பினால் சொல்லலாம். ஊரில் இருப்பவர்களுக்கு அந்த வழியும் கிடையாது. எந்தப் பதிவு, எதற்காக, யாருக்கு என்று எழுதி, தேதியிட்டு மாணவர் கையெழுத்துப் போட்ட சம்மதம் வேண்டும். முதல் வாரமே கல்லூரியில் மாணவர் பதிவுகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் அதைக் கொடுக்கச் சொல்லுங்கள்; உடம்புக்கு முடியாமல் போன பிறகு கையெழுத்துக்கு ஓட முடியாது.