சர்வதேச விவகார மையத்துக்குத் தூதர்களையும் பேராசிரியர்களையும் அமர்த்துவது எப்படி

ஒரு பல்கலைக்கழகம் சர்வதேச விவகார மையம் தொடங்க முடிவெடுத்ததும், ஓய்வுபெற்ற தூதர்களில் யார் கிடைப்பார், அவர் எந்தத் தலைநகரில் இருந்தவர், திறப்பு விழாவுக்கு அவரால் யாரை அழைத்துவர முடியும் என்ற பேச்சுத்தான் துணைவேந்தர் அறையில் முதலில் எழும். அந்தப் பேச்சை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். மையம் முதுகலைப் பட்டம் தரப்போகிறதா, ஆய்வறிக்கைகள் எழுதப்போகிறதா, பணியில் இருக்கும் அதிகாரிகளுக்குப் பயிற்சி அளிக்கப்போகிறதா என்பது முடிவான பிறகே ஆள் தேடலில் இறங்க வேண்டும், ஏனெனில் இந்த மூன்றுக்கும் வேண்டிய ஆட்கள் வேறு வேறு.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகள் சிலரைப் பல ஆண்டுகள் பல்கலைக்கழக வளாகங்களில் அமர்த்தியது. அவர்களது முதன்மையான வேலை, வெளியுறவுப் பணியில் சேர விரும்பும் மாணவர்களுக்கு வழிகாட்டுவது. ஹார்வர்டில் 1958-இல் தொடங்கப்பட்ட சர்வதேச விவகார மையம் வேறு வழியில் சென்றது. பணியின் நடுக்கட்டத்தில் இருக்கும் பல நாட்டு அதிகாரிகளை ஓராண்டுக்கு அழைத்து, படிக்கவும் எழுதவும் அவகாசம் தந்தது. இரண்டு இடங்களிலும் வளாகத்துக்குள் தூதரக அதிகாரிகள் இருந்தார்கள், ஆனால் பாடத்திட்டத்தின் சுமை இருவர் தோளிலும் இருக்கவில்லை. உங்களுக்கு வகுப்பெடுக்க ஆள் வேண்டும் என்றால், இவ்விரண்டில் எதைப் பார்த்து நகலெடுத்தாலும் ஏமாற்றமே மிஞ்சும்.

தலைமைப் பொறுப்பு யாருக்கு என்பது அடுத்த கேள்வி. இதற்கு நான் பார்த்தவற்றில் தெளிவான விடை சிங்கப்பூரில் கிடைக்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1996-இல் பாதுகாப்பு, உத்தி ஆய்வுக் கழகம் தொடங்கப்பட்டபோது, அமெரிக்காவில் சிங்கப்பூரின் தூதராக இருந்து திரும்பிய எஸ். ஆர். நாதன் அதன் முதல் இயக்குநரானார். அவரிடம் இருந்தது சமூகப் பணியில் பெற்ற பட்டயம். முனைவர் பட்டம் இல்லை. 1999-இல் அவர் நாட்டின் அதிபராகச் சென்ற பின், இந்தோனேசியாவில் தூதராக இருந்த பாரி டெஸ்கர் பொறுப்புக்கு வந்தார். அந்தக் கழகமே 2007-இல், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரான எஸ். ராஜரத்தினத்தின் பெயரில் பள்ளியாக விரிந்தது. அதே நகரில் 2004-இல் தொடங்கப்பட்ட லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளியின் முதல் முதல்வர் கிஷோர் மஹ்புபானியும் ஐ.நா.வில் நாட்டின் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்தவர்.

இதிலிருந்து, தொடக்க ஆண்டுகளில் தூதர் தலைமை ஏற்பது நல்லது என்பேன். நிதி, அமைச்சகத் தொடர்பு, வெளிநாட்டு நிறுவனங்களுடனான ஒப்பந்தம் ஆகிய கதவுகள் அவருக்கு விரைவில் திறக்கும். ஆனால் சேர்க்கை, தேர்வு, ஆய்வு நெறியாளர் நியமனம், பல்கலைக்கழகத்தின் கல்விசார் முடிவுகளை எடுக்கும் செனட்டுக்குச் செல்லும் கோப்பு ஆகியவற்றில் கையெழுத்திடும் அதிகாரம் கல்வித்துறையிலிருந்து வரும் துணை இயக்குநரிடம் இருக்க வேண்டும், அதுவும் நியமன ஆணையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்மொழியாக விட்டால், முதல் சர்ச்சையிலேயே இருவரும் பதிவாளர் அறை வாசலில் நிற்பார்கள்.

தூதர்களைத் தேர்ந்தெடுக்கும்போது பதவியின் உயரத்தைக் கொண்டு மட்டும் அளவிட வேண்டாம். ஒப்பந்த வரைவில் இன்னும் உடன்பாடு எட்டாமல் அடைப்புக்குறிகளுக்குள் கிடக்கும் சொற்களுக்காக இரவெல்லாம் வாதாடுபவர்கள் பெரும்பாலும் தூதருக்குக் கீழே, முதல் செயலர், ஆலோசகர் நிலையில் உள்ளவர்கள். தூதர் காலையில் வந்து முடிவைச் சொல்வார். மாணவர்களுக்குத் தேவைப்படுவது அந்த இரவின் அனுபவம். ஆகவே ஐ.நா., உலக வர்த்தக அமைப்பு போன்ற பலதரப்பு அமைப்புகளில் வேலை பார்த்தவர்களையும், அமைச்சகத்தில் ஒரு நாட்டின் கோப்பைப் பல ஆண்டுகள் கையாண்டவர்களையும் தேடுங்கள். நேர்காணலில் இரண்டு செயல்களைச் செய்யச் சொல்வது போதும். கொடுத்த நிகழ்வொன்றைப் பற்றித் தலைமையகத்துக்கு ஒரு பக்க அறிக்கை எழுதித் தரட்டும். பிறகு, தாம் அனுப்பிய பரிந்துரை ஏற்கப்படாமல் போன ஒரு சந்தர்ப்பத்தையும் அதன் காரணத்தையும் நாற்பது நிமிடம் மாணவர்களுக்கு விளக்கட்டும். தோல்வியைப் பகுத்துச் சொல்ல முடிந்தவரால் கற்பிக்க முடியும். தம் வெற்றிகளை மட்டும் சொல்பவரை ஆண்டுக்கொரு சிறப்புச் சொற்பொழிவுக்கு அழைத்துக்கொள்ளலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு மையத்தில், பெரிய தலைநகரங்களில் பணியாற்றிய ஒருவரிடம் ஒரு பருவம் முழுவதையும் ஒப்படைத்தார்கள். முதல் மூன்று வாரம் பின்வரிசையில் நின்றுகொண்டு கேட்டோம். நான்காம் வாரத்தில் நினைவுகள் தீர்ந்துபோயின, அதன் பிறகு அன்றைய செய்தித்தாளைப் படித்து விவாதிப்பதே பாடமாயிற்று. நல்ல மனிதர், பாடத்திட்டம் வகுக்கவும் வாசிப்புப் பட்டியல் தயாரிக்கவும் துணைக்கு ஒருவரையும் தராமல் அவரை வகுப்புக்கு அனுப்பியவர்கள்மீதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

அந்தத் துணையை எப்படி அமைப்பது என்பதுதான் இந்த வேலையின் மையம். ஒரே வகுப்பறையில், ஒரே ஆவணத்தின் முன், தூதரும் பேராசிரியரும் சேர்ந்து நிற்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பெட்ரா பிராங்கா தீவு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையிலான அந்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 2008 மே 23 அன்று தீர்ப்பளித்தது. வழக்கில் பெரிதும் பேசப்பட்டது, 1953 செப்டம்பர் 21 தேதியிட்ட ஒரு சிறு கடிதம். தீவின் நிலை குறித்து அதே ஆண்டு ஜூன் மாதம் சிங்கப்பூர்க் காலனி அரசு கேட்டிருந்த கேள்விக்கு, இன்று மலேசிய மாநிலமாக உள்ள ஜொகூரின் தற்காலிகச் செயலாளர், தம் அரசு அத்தீவின் உரிமையைக் கோரவில்லை என்று பதில் எழுதியிருந்தார். தீவு முதலில் ஜொகூருக்கு உரியதாகவே இருந்தது என்று ஏற்ற நீதிமன்றம், இந்தக் கடிதத்தையும் இரு தரப்பின் பிற்கால நடத்தையையும் கணக்கில் கொண்டு, 1980-க்குள் இறையாண்மை சிங்கப்பூருக்கு மாறிவிட்டது என முடிவு செய்தது.

அந்தக் கடிதத்தை நகலெடுத்து மாணவர்களிடம் கொடுங்கள். முதலில் தூதர் பேசட்டும்: இப்படியொரு கேள்வி அலுவலகத்துக்கு வந்தால் அது யார் மேசைக்குப் போகும், யாரைக் கேட்காமல் பதில் போய்விடக்கூடும், ‘உரிமை’ என்று எழுதுவதற்கும் ‘இறையாண்மை’ என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை வரைவாளர் எப்போது கவனிக்கத் தவறுவார் என்பதையெல்லாம் அவரால்தான் சொல்ல முடியும். பிறகு சட்டப் பேராசிரியர் தீர்ப்பின் உரிய பத்திகளை வாசித்து, நீதிபதிகள் அந்த ஒரு வரியிலிருந்து எவ்வளவு தூரம் சென்றார்கள், எங்கே நின்றார்கள் என்று காட்டட்டும். கடைசி அரைமணி நேரத்தில், மாணவர்களே ஜொகூர் செயலாளராக இருந்து, எதையும் விட்டுக்கொடுக்காத ஒரு பதிலை எழுத வேண்டும். மூன்று மணி நேர வகுப்புக்கு இது சரியாக இருக்கும்.

நீண்ட பயிற்சிக்கு ஐ.நா.வின் கடல் சட்ட மாநாடு ஏற்றது. 1973 முதல் 1982 வரை நடந்த அம்மாநாட்டை இலங்கைத் தூதர் ஷர்லி அமரசிங்கே வழிநடத்தினார். 1980 இறுதியில் அவர் மறைந்த பின், சட்டப் பேராசிரியராகவும் தூதராகவும் இருந்த சிங்கப்பூரின் டாமி கோ தலைமை ஏற்று முடித்துவைத்தார். கருத்தொற்றுமைக்கான முயற்சிகள் எல்லாம் தீரும்வரை வாக்கெடுப்புக்குப் போவதில்லை என்ற உடன்பாட்டை வைத்துக்கொண்டு, மாணவர்களைக் கடலோர நாடுகள், நிலஞ்சூழ் நாடுகள், நீரிணைகளைப் பயன்படுத்தும் நாடுகள் எனப் பிரித்து மூன்று வாரம் பேச்சு நடத்தச் செய்யலாம்.

நியமன விதிகளுக்கு வருவோம். இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு, பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட ‘புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’ (துறை அனுபவத்தைக் கொண்டு அமர்த்தப்படும் பேராசிரியர்) வழிகாட்டு நெறிகள் நல்ல வழியைத் திறந்துள்ளன. துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் உள்ளவரை, கல்வித் தகுதியை வலியுறுத்தாமல் அமர்த்தலாம்; இத்தகையோர் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; மொத்தக் காலம் மூன்று ஆண்டு, விதிவிலக்காக மேலும் ஓராண்டு. இந்தக் கால வரம்பை ஒரு தடையாக நினைக்க வேண்டாம், தூதரின் அனுபவத்துக்கும் வயது உண்டு. பத்தாண்டுக்கு முன் ஓய்வுபெற்றவர் அறிந்த அமைச்சகம் இன்று பெரும்பாலும் அதே கட்டடம் மட்டுமே.

ஒப்பந்தத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை விடைத்தாள், எந்தெந்த நாட்களில் மாணவர்களைச் சந்திப்பார் என்பவை எண்ணிக்கையில் இருக்க வேண்டும். அவர் எந்தெந்த நிறுவனங்களுக்கு ஆலோசகராக இருக்கிறார் என்பதையும் எழுத்தில் பெறுங்கள். ஓய்வுக்குப் பிறகும் இந்தியாவின் 1923-ஆம் ஆண்டு அலுவல் இரகசியச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்தும் என்பதால், வெளியில் சொல்லக்கூடாதவற்றைக் கேட்டு மாணவர்கள் வற்புறுத்தக் கூடாது என முதல் நாளே கூறிவிடுவது நல்லது. பணியில் இருப்பவர்கள் வந்து பேசும் அமர்வுகளுக்குச் சாத்தம் ஹவுஸ் விதி பொருந்தும்: கேட்டதைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார் என்பதையும் அவரது அமைப்பையும் வெளியிடக் கூடாது. இந்த அறிவிப்பை அறைக் கதவில் ஒட்டினால் போதாது. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்ல வேண்டும், கைப்பேசிகளை மேசைமேல் கவிழ்த்து வைக்கச் சொல்ல வேண்டும்.

பேராசிரியர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. புகழ்பெற்ற தூதர் ஒருவர் வந்ததும், இளம் உதவிப் பேராசிரியர்கள் விருந்தினரை விமான நிலையத்தில் வரவேற்பவர்களாகவும் பதாகை அச்சிடுபவர்களாகவும் மாறிவிடுவது வழக்கமாகிவிட்டது. கொடிகளின் வரிசை, இருக்கை முறை, விசா கடிதம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு நெறிமுறை அலுவலரைத் தனியாக அமர்த்துங்கள். உதவிப் பேராசிரியர்களை மொழியும் வட்டாரமும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சீன மொழியில் செய்தித்தாள் படிக்கத் தெரிந்த ஒருவரும், சிங்களத்தில் நாடாளுமன்ற விவாதத்தைப் பின்தொடரக்கூடிய ஒருவரும், சர்வதேச உறவுக் கோட்பாடுகளை மட்டும் அறிந்த நால்வரைவிட மையத்துக்கு அதிகம் பயன்படுவார்கள். இணைந்து எடுக்கும் வகுப்பு இருவருக்கும் முழு வகுப்பாகவே பணிச்சுமைக் கணக்கில் சேர வேண்டும். பாதியாகக் கணக்கிட்டால் அடுத்த பருவத்தில் யாரும் சேர்ந்து எடுக்க முன்வர மாட்டார்கள்.

தூதரின் ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே, அவர் வகுப்பில் பயன்படுத்திய நிகழ்வுகளில் நான்கையாவது, ஒரு ஆய்வு மாணவரை உடன் அமர்த்தி, தேதிகள், பொது ஆவணங்கள், விவாதக் கேள்விகளுடன் எழுதி வாங்கிவிடுங்கள். அந்தக் கோப்புகள் அவர் மடிக்கணினியில் இராமல் மையத்தின் நூலகத்தில் இருக்க வேண்டும். கடைசி மாத மதிப்பூதியத்துக்கான கோப்பை, நூலகர் அவற்றைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்ட பிறகு அனுப்பினால் போதும்.