சொந்த ஹேட்ச் எழுதும்போது தடுக்கிவிழும் இடங்கள்

ஓட்டுக் கூரை, முற்றத்தில் பேவர் பிளாக், பூசாத செங்கல் மதில். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் வீட்டு வரைபடம் போடுகிறவர்களுக்கு அன்றாடம் தேவைப்படுபவை இவை. ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளுடன் வரும் ஹேட்ச்கள், அதாவது ஒரு பரப்பை நிரப்பும் கோட்டு வடிவங்கள், நம் ஊர் அளவுகளுக்குப் பொருந்துவதில்லை. அதனால் எண்கள் கொண்ட ஒரு சிறு உரைக் கோப்பாக நாமே சொந்தமாக எழுதுகிறோம். எழுதியது திரையில் கோணலாக வந்தால் உடனே ஸ்கேலை, அதாவது ஹேட்ச்சைப் பெரிதாக்கும் அல்லது சிறிதாக்கும் மடங்கைத் திருகத் தொடங்குகிறோம். அந்தப் பழக்கத்தை விட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தக்கலை அருகே ஒரு முற்றத்துக்குப் பேவர் பிளாக் ஹேட்ச் போட்டுக் கொடுத்தேன். கண்ணுக்கு நன்றாகத் தெரியும்வரை ஸ்கேலை ஏற்றிக்கொண்டே போனேன். ஒப்பந்தக்காரர் வரைபடத்தில் நீளத்துக்கு எத்தனை, அகலத்துக்கு எத்தனை என்று எண்ணிக் கல் வரவழைத்துவிட்டார். முற்றம் பாதியில் நிற்கும்போதே கல் தீர்ந்துபோனது. தவறு என்னுடையது. ஹேட்ச்சையும் ஒருவர் அளவாகப் படிப்பார் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து என் ஹேட்ச்கள் எல்லாவற்றையும் மில்லிமீட்டரில், உண்மை அளவில், ஸ்கேல் 1 என்று வைத்தே எழுதுகிறேன். அங்குலத்தில் எழுதிய ஹேட்ச்சை மில்லிமீட்டர் வரைபடத்தில் போட்டால் 25.4 மடங்கு சிறுத்து, ஒரே கறுப்பாக அப்பிக்கொள்ளும். ஸ்கேலில் 25.4 கொடுத்தால் சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கோப்பை அடுத்துத் திறப்பவருக்கு அது தெரியாது.

மிகப் பெரிய குழப்பம் எண்களில்தான் இருக்கிறது. கோப்பில் கோடுகளைச் சொல்லும் ஒவ்வொரு வரியிலும் முதல் எண் கோட்டின் கோணம். அடுத்த இரண்டும் கோடு தொடங்கும் புள்ளி. நான்காவதும் ஐந்தாவதும் அடுத்த கோட்டுக்கான நகர்வு. இந்த நகர்வைத் திரையின் கிடை, செங்குத்து என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி அல்ல. நான்காவது எண், கோடு போகும் திசையிலேயே எவ்வளவு தள்ள வேண்டும் என்பது. ஐந்தாவது, கோட்டுக்குக் குறுக்கே எவ்வளவு இடைவெளி என்பது. கோணம் 0 ஆக இருக்கும்வரை இந்த வேறுபாடு தெரியாது. 90 ஆனதும் எல்லாம் புரண்டுவிடும்.

செங்கல் சுவரையே எடுத்துக்கொள்வோம். கல் 230 மி.மீ. நீளம், 75 மி.மீ. உயரம், சாந்து 10 மி.மீ. என்றால் ஒரு கல்லுக்கு 240, ஒரு செங்கல் வரிக்கு 85. கிடைக்கோடுகளுக்குக் கோப்பில் இந்த ஒரு வரி போதும்:

0, 0,0, 0,85

செங்குத்து இணைப்புகளுக்கு:

90, 0,0, 85,120, 85,-85

கோடு மேல்நோக்கிப் போகிறது. ஆகவே 85 என்பது மேலே தள்ளுவது. 120 என்பது பக்கவாட்டு இடைவெளி, அதாவது அரைக் கல். கடைசி இரண்டு எண்களும் 85 வரைந்து 85 விடு என்று சொல்கின்றன. நேர் எண்ணுக்குக் கோடு, எதிர் எண்ணுக்கு வெற்றிடம், பூஜ்யத்துக்குப் புள்ளி. இப்போது 85,120 என்பதை 120,85 என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். செங்குத்து இணைப்புகள் வரிக்கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும். எந்த ஸ்கேலாலும் அதைத் திருத்த முடியாது. ஐந்தாவது எண்ணைப் பூஜ்யமாக விட்டால் ஹேட்ச்சே வராது.

சாய்கோடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. 600 மி.மீ. டைல்ஸ் கட்டத்தின் மூலைகள் வழியே 45 பாகையில் கோடு ஓட வேண்டும் என்றால் இடைவெளி 424.264. அதை 424 என்று முழுமையாக்கினால் முதல் சில கட்டங்களில் ஒன்றும் தெரியாது. இருபதாவது கோட்டில் 5 மி.மீ.க்கு மேல் விலகியிருக்கும். பெரிய கூடத்தில் கோடு மூலையைத் தொடாமல் நழுவுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆறேழு தசம இலக்கம் எழுதத் தயங்க வேண்டாம். ஆனால் ஒரு வரியில் 80 எழுத்துகளைத் தாண்டக் கூடாது.

நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. இன்றும் சரிவுக் கூரை கேட்பவர்கள் உண்டு. ஓட்டு ஹேட்ச் ஒன்றை எழுதி, அதையே மேல்தோற்றத்துக்கும் முன்தோற்றத்துக்கும் போடுவது நான் அடிக்கடி காணும் பிழை. 30 பாகைச் சரிவில் ஓட்டு வரிசை 300 மி.மீ.க்கு ஒன்று என்றால் மேல்தோற்றத்தில் அது ஏறத்தாழ 260, முன்தோற்றத்தில் 150. இரண்டு தனி ஹேட்ச்கள் தேவை. பத்மநாபபுரம் அரண்மனைக் கூரையைக் கீழே நின்று பார்த்தாலே ஓட்டு வரிசைகள் எப்படி நெருங்கித் தெரிகின்றன என்பது விளங்கும்.

கோப்பு சார்ந்த பிழைகள் சின்னவை, ஆனால் நேரத்தைத் தின்பவை. முதல் வரி நட்சத்திரக் குறியில் தொடங்க வேண்டும். ஹேட்ச் பெயரில் இடைவெளி கூடாது. கோப்பின் பெயரும் அந்தப் பெயரும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒரு கோப்பில் ஒரு ஹேட்ச் மட்டும். கடைசி வரிக்குப் பின் ஒருமுறை என்டர் தட்டுங்கள். நோட்பேட் சில சமயம் ஹேட்ச் கோப்புக்குரிய பேட் (.pat) என்ற பின்னொட்டுக்கும் பின்னால் டிஎக்ஸ்டி (.txt) என்று ஒட்டிவிடும். விண்டோஸ் அதை மறைத்தே காட்டும். வேறெங்கிருந்தோ நகலெடுத்த வரியில் கழித்தல் குறிக்குப் பதில் நீண்ட கோடு வந்திருக்கலாம். அதைக் கண்ணால் பிடிப்பது கடினம் என்பதால் எதிர் எண்களை நானே மறுபடி தட்டச்சு செய்துவிடுவேன். மென்பொருளுடன் வந்த மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். தனிக் கோப்புறையில் வைத்து, ஆட்டோகேட்டின் தேடுபாதையில் அதைச் சேருங்கள்.

சில நேரம் ஹேட்ச்சில் பிழையே இருக்காது. டைல்ஸ் அறை மூலையில் தொடங்காமல் எங்கோ பாதியில் தொடங்கினால் ஹேட்ச்சின் தொடக்கப் புள்ளி வரைபடத்தின் பூஜ்யத்தில் இருக்கிறது என்று பொருள். அதை மூலைக்கு மாற்றினால் போதும். இதே பூஜ்யம் சர்வே வரைபடங்களில் பெரிய தொல்லை தரும். சர்வேயில் இடங்களை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் என்ற முறையில் நம் மாவட்டம் 43ஆம் வட மண்டலத்தில் வருகிறது. நாகர்கோவிலின் வடக்கு அளவு, அதாவது நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே உள்ள தொலைவு, ஏறத்தாழ 9 லட்சம் மீட்டர். அவ்வளவு தொலைவிலிருந்து கணக்கிடும்போது கோடுகள் சிதறி, பல் பல்லாகத் தெரியலாம். தொடக்கப் புள்ளியை மனைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பத்து சென்ட் மனை முழுவதற்கும் 200க்கு 100 மி.மீ. பேவர் பிளாக் போட்டால் 20,000 கற்களுக்கு மேல் வரும் என்பதையும் நினைவில் வைத்து, தேவையான பகுதிக்கு மட்டும் நிரப்புங்கள்.

எழுதி முடித்த ஹேட்ச்சைச் சோதிக்க, 2400க்கு 850 அளவில் ஒரு செவ்வகம் வரைந்து, அதன் மூலையையே தொடக்கப் புள்ளியாக வைத்து நிரப்புவேன். மேலே சொன்ன செங்கல் ஹேட்ச் என்றால் நீளத்துக்குப் பத்துக் கல், உயரத்துக்குப் பத்து வரி மிச்சமின்றி அமைய வேண்டும். அமையாவிட்டால் கோப்பைத் திருத்திவிட்டு, பழைய ஹேட்ச்சை அழித்துப் புதிதாகப் போட வேண்டும். வரைபடத்தில் ஏற்கெனவே போட்ட ஹேட்ச் தன் கோடுகளைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால், கோப்பில் செய்த திருத்தம் தானாக அதில் வந்து சேராது.