தோட்டாவில் கவனிக்கத் தவறுபவை

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கிய 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி சில பழைய வீடுகளில் இன்னும் இருக்கிறது. துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பார்கள். தோட்டாவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கேட்டால், "பாக்டரி சரக்குதானே, என்ன ஆகும்?" என்பார்கள்.

பாக்டரித் தோட்டாவின் பலம் அதன் சோதனைதான். புனேவில் 1869இல் தொடங்கிய கட்கி தொழிற்சாலை போன்ற இடங்களில் ஒரே அளவில் வெடிமருந்து நிரப்பி, லாட் வாரியாக, அதாவது சேர்ந்து தயாரான தொகுதி தொகுதியாகச் சோதித்து அனுப்புகிறார்கள். ஆனால் அந்த உத்தரவாதம் நம் வீட்டுப் பரணில் செல்லாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காகித உறைத் தோட்டா ஈரம் குடித்து உப்பிவிடும், குழலுக்குள் நுழையாது. பிளாஸ்டிக் உறை உப்பாது. ஆனாலும் பித்தளை அடிப்பாகத்தில் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பு ஏறியதைத் தேய்த்துப் பளபளப்பாக்கிச் சுடுவது மோசமான தவறு. உள்ளே மருந்தும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் என்ன கதியில் இருக்கின்றன என்பது தேய்த்தால் தெரியாது.

இன்னொன்று, தோட்டாக்களைப் பெட்டியிலிருந்து கொட்டி ஒரே டப்பாவில் போடுவது. விதைநெல் மூட்டையில் சீட்டைக் கிழித்துப் போட்ட மாதிரிதான், லாட் நம்பரும் வருடமும் அதோடு போய்விடும். 12 போரைவிட ஒல்லியான 20 போர் தோட்டா ஒன்று கலந்துவிட்டால் அது 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் நிற்கும். காலியென்று நினைத்துப் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். தோட்டா உட்காரும் அறை 65 மி.மீ. நீளமே உள்ள பழைய துப்பாக்கியில் 70 மி.மீ. தோட்டாவும் சுலபமாக நுழையும். சுடும்போது தோட்டாவின் வாய் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும்.

சரி, கையால் நிரப்பியது? வெளிநாட்டு ரைபிள் போட்டியாளர்கள் தங்கள் துப்பாக்கிக்கென்றே மருந்தை எடைபோட்டு நிரப்பி, பாக்டரியைவிடச் சீரான குறி எடுக்கிறார்கள். அது உண்மை. ஆனால் மருந்து இரட்டிப்பானாலும் விட்டுப்போனாலும் பிடிப்பதற்கு அவர்களைத் தவிர ஆளில்லை. அதனால்தான் பிறர் நிரப்பியதை அங்கே யாரும் சுடுவதில்லை. இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி தோட்டா தயாரிக்கத் தனி லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கி லைசென்ஸ் அதற்குப் போதாது. யாராவது மலிவாகக் கொடுத்தால் தொடாதீர்கள்.

எந்தத் தோட்டாவானாலும், விசையை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால் உடனே திறக்காதீர்கள். குழலை ஆளில்லாத திசையில் பிடித்தபடி குறைந்தது 30 விநாடி பொறுங்கள். "டப்" என்று அமுங்கிய சத்தம் வந்தால் அடுத்ததைச் சுடவே கூடாது. தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சந்தேகமான தோட்டாக்களை ஆற்றிலோ குளத்திலோ வீசிவிடாதீர்கள். காவல் நிலையத்தில் முதலில் சொல்லிவிட்டு, லைசென்ஸ் புத்தகத்தோடு போய் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.